எந்தப் பேட் வாங்குவது என்ற கேள்விக்கு முன்பு

சென்ற மாதம் பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். மதுரைக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆறு ஆண்டுகளாக ரைஃபிள் கிளப்பில் இலக்குச் சுடுதல் பழகி வருபவர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகமாக வரும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’, அதாவது தோள்மூட்டு இறுகிப்போகும் நோய், அவருக்கு வலது தோளில் வந்திருக்கிறது. “அண்ணா, நீங்கள் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் மான் வேட்டைக்குப் போகிறீர்களே, எந்தப் பேட் வாங்கினீர்கள்?” என்று கேட்டார். துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒட்டும் ரப்பர் மெத்தையைத்தான் பேட் என்கிறோம். பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நானும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியோடு தொடங்கி, அதனாலேயே ஓர் ஆண்டை வீணாக்கியவன் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் நிலை. நான் பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசிக்கும் இயந்திரப் பொறியாளன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே நமக்குக் குற்றத்தின் சாயலோடுதான் ஒலிக்கிறது. இங்கே நிலைமை வேறு. வால்வெண்மான்களை இயற்கையாக வேட்டையாடிய ஓநாய்களும் மலைச்சிங்கங்களும் இந்த மாநிலத்தில் அழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மான்கள் பெருகி இளஞ்செடிகளை மேய்ந்துவிடுவதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. உரிமம் பெற்று, பருவத்தில், அளவோடு மான் சுடுவது இங்கே காட்டுப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. ரைஃபிள் பருவம் 2019 முதல் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முன்பு அது திங்கட்கிழமை தொடங்கியது; அந்தத் திங்களன்று பல பள்ளிகள் விடுமுறை விட்டுவிடும். எங்கள் வீட்டு உறைபெட்டியில் ஆண்டு முழுவதும் மான்கறி இருக்கும். மிளகு வறுவலுக்கு அதைவிட ஏற்ற இறைச்சி வேறில்லை என்பது என் மனைவியின் தீர்ப்பு.

2021 பிப்ரவரியில் வீட்டு வாசலில் உறைபனியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் தொகுப்புக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். அவற்றுள் மேலே இருக்கும் சூப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாண் எலும்பிலிருந்து கிழிந்துவிட்டது. எலும்பில் சிறு ஆணிகள் போன்ற நங்கூரங்களைப் பதித்து, அவற்றில் கோத்த நூலால் நாணை மீண்டும் எலும்போடு கட்டினார்கள். ஆறு வாரம் கை தூளியில் இருந்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி. அடுத்த இலையுதிர் காலத்தில் என்னிடம் இருந்தது தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் .30-06 ரக ரைஃபிள். அமெரிக்க ராணுவம் 1906-இல் ஏற்றுக்கொண்ட அந்தத் தோட்டா, வட அமெரிக்காவில் எந்த விலங்குக்கும் போதுமானது என்று பெயர் பெற்றது. வால்வெண்மானுக்கு அது தேவைக்கு மேல் என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

அந்த ரைஃபிள் தோளில் என்ன செய்கிறது என்பதை முதன்முறையாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். குண்டின் எடை 11.7 கிராம், அது குழலை விட்டுப் போகும் வேகம் வினாடிக்கு 823 மீட்டர். தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து ஏறத்தாழ 3.6 கிராம். அது எரிந்து வாயுவாகி, குண்டைவிட வேகமாக வெளியேறுகிறது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கமான ஸாமியின் கணக்கு முறை, ரைஃபிள்களுக்கு அந்த வேகத்தைக் குண்டின் வேகத்தைப் போல 1.75 மடங்கு என்று கொள்கிறது. இரண்டின் உந்தத்தையும் கூட்டி, 3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கிக்குப் பகிர்ந்தால், துப்பாக்கி வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. அதன் ஆற்றல் 30 ஜூல். அதே எடையை ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் கீழே வரும்போது எந்த வேகம் இருக்குமோ அந்த வேகம் அது. இன்னொரு செய்தியும் அந்தக் காகிதத்தில் தெரிந்தது. பின்னுதையில் மூன்றில் ஒரு பங்கு குண்டால் வருவதன்று. குண்டுக்குப் பின்னால் பீறிடும் வாயுவால் வருவது. மருந்து கூடுதலாக உள்ள மேக்னம் தோட்டாக்கள் ஏன் அப்படி உதைக்கின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதே எடைக் குண்டைச் சுடும் .300 வின்செஸ்டர் மேக்னம், சற்றுக் கனமான துப்பாக்கியிலும் 40 ஜூலைத் தாண்டுகிறது.

இந்த எண்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் ஆயுதச் சோதனை நெறிமுறையில், பின்னுதை ஏறத்தாழ 20 ஜூலுக்குக் குறைவாக இருந்தால் ஒரு நாளில் எத்தனை முறை சுடலாம் என்பதற்கு வரம்பு இல்லை. 20 முதல் 40 ஜூல் வரை என்றால் நாளுக்கு 200 சுற்றுகள். அதற்கு மேல் போகப்போக வரம்பு வேகமாகச் சுருங்குகிறது. அது கட்டான உடலுள்ள இளம் வீரர்களுக்கு வகுத்த வரம்பு. நங்கூரத்தில் நூலால் கட்டிய நாணுக்கு யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை. என் அறுவை மருத்துவர் துப்பாக்கி பிடித்ததே இல்லை. “சுடலாமா?” என்று மட்டும் கேட்டபோது அவரால் பதில் சொல்ல இயலவில்லை. மூன்றரைக் கிலோ எடை, வினாடிக்கு 4 மீட்டர் வேகம், படும் இடம் இது, கை நிற்கும் கோணம் இது என்று கணக்கோடு போனபோதுதான் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் பேசத் தொடங்கினார். தோள்வலியோடு சுடும் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் இப்படி எண்களோடு போக வேண்டும் என்று நினைக்கிறேன். தோள் உதைபடுவதை அற்பமாக எண்ணவும் கூடாது. களிமண் தட்டுச் சுடும் டிராப் விளையாட்டில் ஷாட்கன்னை ஆயிரக்கணக்கான முறை தோளில் வைத்துச் சுடுபவர்களுக்கு, தோளின் முன்பக்கத்தில் இருக்கும் கோரகாய்டு என்ற சிறு எலும்புமுனையில் அழுத்த முறிவு ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் 1970-களிலேயே பதிவு செய்திருக்கின்றன.

என் தோளைக் காப்பாற்றியதில் பேடுக்கும் தோட்டாவுக்கும் முன்னால் நிற்பது என் குறிப்பேடு. எத்தனை தோட்டாக்களைச் சுட்டேன் என்று எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு முன்பிருந்தே உண்டு. விழுவதற்கு முந்தைய பருவத்தின் பக்கத்தைப் பார்த்தேன். சுடுதளத்தில் மேசையில் உட்கார்ந்து சுட்டவை 212. மானை நோக்கிச் சுட்டவை 2. பதற்றத்தில் இருப்பவனுக்கு மானை நோக்கிச் சுடும்போது உதை தெரிவதே இல்லை. அதைச் சுட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தோளைக் கெடுப்பது காடு அன்று, மேசைதான். அதிலும் ஒரு பிற்பகலில், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் ஒன்றைப் புதிதாகப் பொருத்தி, அதைச் சரிசெய்வதற்காக மெல்லிய சட்டையோடு நாற்பது சுற்றுகள் சுட்டு, இரண்டு வாரம் கருநீலமாகக் கன்றிய தோளோடு அலைந்த நினைவும் அந்தப் பக்கத்தில் இருந்தது. அப்போது அதை வீரம் என்று நினைத்தேன். கன்றிப்போனது தோலும் தசையும் மட்டும்தானா, நாணுமா என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மேசை ஏன் மோசம் என்பதைச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு சுடும்போது இடுப்புக்கு மேலே உடல் முழுவதும் பின்னால் ஆடி உதையை வாங்கிக்கொள்கிறது. மேசையில் குனிந்து, நெஞ்சை மேசை விளிம்பில் சாய்த்துச் சுடும்போது உடலுக்குப் பின்னால் நகர வழியில்லை. உதை தோளில் தொடங்கித் தோளிலேயே முடிகிறது. அதனால் மேசையில் சுடுவதாக இருந்தால் துப்பாக்கியைத் தாங்கும் மணல்மூட்டையை உயர்த்தி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தாலே பாதித் துன்பம் குறைகிறது. அதற்குச் செலவும் இல்லை.

பயிற்சியை நான் மிகச் சிறிய தோட்டாவைச் சுடும் .22 ரைஃபிளுக்கு மாற்றினேன். அதன் உதை கால் ஜூலைக்கூட எட்டுவதில்லை. விசையை இழுக்கும் பழக்கம், மூச்சு, பார்வை எல்லாம் அதிலும் அதேதான். பெரிய ரைஃபிளை ஆண்டுக்கு ஒரு நாள், ஆறு அல்லது எட்டுச் சுற்றுகள், ஸ்கோப் இடம் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக மட்டும் சுடுகிறேன். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. வலியை எதிர்பார்க்கும் உடல், விசையை இழுக்கும் கணத்தில் தானாகச் சுருங்கித் துப்பாக்கியை அசைத்துவிடும். ‘ஃப்ளின்ச்’ என்று சொல்லும் இந்தத் துணுக்குறலை மறைத்துவைக்க முடியாது. வெற்றுத் தோட்டாக்களை உண்மைத் தோட்டாக்களோடு கலந்து, வேறொருவரை நிரப்பச் சொல்லிச் சுட்டால், வெற்றுத் தோட்டா வரும்போது குழல்முனை கீழே குத்துவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அறுவைக்குப் பிறகு என் குழல்முனை இரண்டு அங்குலம் குத்தியது. ஆறு மாதம் .22 சுட்ட பிறகுதான் அது நின்றது.

இதற்கு அடுத்தது தோட்டா. இந்த ஊர்க் காடுகளில் மானுக்கும் எனக்கும் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி கிடைப்பதே அரிது. அதற்கு .30-06-இன் முழு வலிமை தேவையில்லை. ஏற்கெனவே உள்ள துப்பாக்கியை மாற்ற விரும்பாதவர்களுக்கு, குறைந்த உதைக்கென்றே தொழிற்சாலையில் நிரப்பிய தோட்டாக்கள் உண்டு. ரெமிங்டனின் ‘மேனேஜ்டு-ரீகாய்ல்’ வகை, .30-06-இல் 8.1 கிராம் குண்டைப் பயன்படுத்துகிறது. என் கணக்கில் அதன் உதை ஏறத்தாழப் பாதியாகிறது. அந்த நிறுவனமும் அதையே சொல்கிறது. ஹார்னடியின் ‘கஸ்டம் லைட்’ வகையும் அதே நோக்கத்துக்கானது. இவற்றுக்கு மாறினால் குண்டு படும் இடமும் மாறும், ஸ்கோப்பை மீண்டும் சரிசெய்தே ஆக வேண்டும். வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்கள் மருந்தைத் தம் விருப்பப்படி குறைக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மெதுவாக எரியும் மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் அழுத்தம் குறைவதற்கு மாறாக ஆபத்தான அளவுக்கு ஏறவும் கூடும். குறைந்த அளவுக்கென்று மருந்து நிறுவனங்கள் வெளியிட்டிருக்கும் அட்டவணைகளை மட்டும் பின்பற்ற வேண்டும்.

நான் ஓர் ஆண்டு குறைந்த உதைத் தோட்டாக்களோடு ஓட்டிவிட்டு, பிறகு துப்பாக்கியையே மாற்றினேன். 1955-இல் வெளிவந்த .243 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகம் எனக்குப் பொருந்தியது. 6.5 கிரீட்மூர், 7 எம்எம்-08 என்ற ரகங்கள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக உதைப்பவை, ஆனால் வலிமையும் கூடுதல். தோள் நன்றாக ஆறியவர்களுக்கு அவற்றில் ஒன்றையே பரிந்துரைப்பேன். .243-இல் 6.5 கிராம் குண்டு. மானுக்கென்று செய்த உறுதியான குண்டாக இருக்க வேண்டும். சிறு பிராணிகளுக்கான மென்குண்டு மானைக் காயப்படுத்தி ஓடவிட்டுவிடும். நம் தோளைக் காக்கும் முயற்சியில் மானுக்கு நெடிய வலியைக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். அதனால் மான் பக்கவாட்டில் நிற்காவிட்டால், தொலைவு 120 மீட்டரைத் தாண்டினால், நான் விசையைத் தொடுவதில்லை.

துப்பாக்கியின் எடை கூடினால் உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் குறைகிறது. இது தவறாத கணக்கு. 3.6 கிலோவை 4.5 கிலோவாக்கினால் 30 ஜூல் 24 ஆகிறது. செயற்கைப் பொருளால் ஆன கட்டைகளின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம் இருக்கும். அதில் ஈய ரவைகளை நுரையோடு நிரப்பி என் .243-ஐ 4.1 கிலோவாக்கினேன். ஆனால் மலையேறி நடப்பவர்களுக்கு இது இரு முனைக் கத்தி. நான்கு கிலோவை வாரில் தொங்கவிட்டு நாள் முழுவதும் நடப்பதும் அதே தோளுக்குத்தான் சுமை. நான் இடது தோளில் மாட்டுகிறேன். பரண் மேல் ஏறுவதையும் விட்டுவிட்டேன். தோள் பழுதானவன் ஏணியில் கையை உயர்த்திப் பிடித்து ஏறுவது, உதையைவிடக் கெடுதல். தரையில் மறைவிடம் அமைத்து, துப்பாக்கியின் எடையை முக்காலியில் ஏற்றிவைத்துக் காத்திருக்கிறேன்.

இப்போது நண்பர் கேட்ட பேட். அது ஆற்றலைக் குறைப்பதில்லை. நிற்கும் தூரத்தை நீட்டுகிறது. 30 ஜூல் ஆற்றலோடு வரும் துப்பாக்கி, தோளின் சதை அமுங்கும் இரண்டு சென்டிமீட்டரில் நின்றால், சராசரி விசை 150 கிலோ எடையின் அழுத்தத்துக்குச் சமம். நல்ல பேட் இன்னொரு சென்டிமீட்டர் அமுங்கினால் அது 100 கிலோ. .243-க்கு மாறி, எடையையும் கூட்டி, பேடையும் வைத்தால் ஏறத்தாழ 42 கிலோ. இது மோட்டாமோட்டியான கணக்குதான், உடல் ஒரு மரக்கட்டை அன்று. ஆனாலும் 150-க்கும் 42-க்கும் இடையே உள்ள வேறுபாட்டில் பேட் மட்டும் செய்தது எவ்வளவு, தோட்டா செய்தது எவ்வளவு என்று இதிலிருந்தே தெரியும். லிம்ப்சேவர், பாக்மேயர் டிசெலரேட்டர் இரண்டும் நன்கு அமுங்குபவை; என்னிடம் முதலாவது இருக்கிறது. பேட் ஒட்டும்போது கட்டையின் நீளம் கூடிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் தடித்த மேலங்கியும் சேரும்போது துப்பாக்கி நீண்டு, அடிக்கட்டை தோளின் குழியை விட்டு நழுவிக் கையின் மேற்பகுதிக்குப் போய்விடும். அங்கேதான் என் நங்கூரங்கள் இருக்கின்றன. அதனால் பேடின் தடிமனுக்கு ஈடாகக் கட்டையை அறுத்துச் சுருக்கச் சொன்னேன். துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கு அது அரை மணி நேர வேலை.

அடிக்கட்டை படும் இடத்தைப் பற்றி என் பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அப்படியே செய்கிறேன். காறையெலும்புக்குக் கீழே, கை தொடங்கும் மூட்டுக்கு உட்புறமாக, மார்புத் தசை தடிப்பாக இருக்கும் குழியில் அது அமர வேண்டும். எலும்பின் மேலும் கூடாது, மூட்டின் மேலும் கூடாது. வலது முழங்கையைக் கோழிச் சிறகு போலத் தோளுயரத்துக்குத் தூக்கும் பழைய பாணியை முற்றாக விட வேண்டும். அந்த நிலையில் சூப்ராஸ்பைனேட்டஸ் நாண் எலும்புகளுக்கு இடையே நெருக்குண்டு இருக்கும்போதே உதையும் வந்து விழுகிறது. முழங்கை பாதி தாழ்ந்து நிற்கட்டும். வலிக்குப் பயந்து துப்பாக்கியைத் தோளிலிருந்து விலக்கிப் பிடிப்பதும் தவறு. இடைவெளி விட்டால் துப்பாக்கி ஓடிவந்து இடிக்கும். நெருங்கிப் பிடித்தால் தள்ளும்.

குழல்முனையில் பொருத்தும் மஸில் பிரேக்கைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் அந்தக் கருவி, உதையை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கும். வேறு எந்த ஒற்றைப் பொருளும் இவ்வளவு செய்வதில்லை. ஆனால் அதே வாயு சத்தத்தைச் சுடுபவரின் காதுக்கும் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கும் திருப்புகிறது. ஏற்கெனவே 160 டெசிபல் அளவில் இருக்கும் ஓசை அது. காட்டில் காதுக்காப்பு இல்லாமல் ஒரு முறை சுட்டாலும் கேள்திறன் திரும்பாமல் போகக்கூடும். தோளைக் காத்துக் காதை இழக்க நான் விரும்பவில்லை. கட்டாயம் காதுக்காப்பு அணியும் சுடுதளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வேட்டைக்குக் கழற்றிவிடலாம் என்றால், அதனால் குண்டு படும் இடம் மாறும். ஓசையடக்கியான சப்ரஸர் இதைவிட மேல். முனையில் அரைக் கிலோ எடையையும் சேர்த்து, வாயுவையும் மெதுவாக விட்டு, உதையையும் ஓசையையும் ஒருசேரக் குறைக்கிறது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் இல்லை. பதிவு மட்டும் தொடர்கிறது. நான் விண்ணப்பித்திருக்கிறேன். வாயுவால் இயங்கும் தானியங்கி ரைஃபிள்களும் உதையை நீட்டித் தணிக்கும், ஆனால் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு அவற்றுக்கு அனுமதி இல்லை.

ரைஃபிளை இரும்புச் சட்டத்தில் பூட்டிச் சுடும் தாங்கிகளும் கடைகளில் உண்டு. அவற்றின் தட்டில் ஈய மூட்டைகளை அடுக்கிவிட்டால் தோளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நகர முடியாத துப்பாக்கி உதை முழுவதையும் தன் கட்டையிலேயே வாங்குகிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருபது கிலோ மூட்டையை ஏற்றிவைத்துச் சுட்டதில், அவருடைய தந்தையின் துப்பாக்கியில் இருந்த வால்நட் மரக் கட்டை கைப்பிடியருகே விரிந்துபோனதைப் பார்த்தேன். எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். தாங்கியை வெறும் தட்டோடு, அல்லது நான்கைந்து கிலோவோடு மட்டும் பயன்படுத்துங்கள். அதில் சரிசெய்த குறி, தோளில் வைத்துச் சுடும்போது சற்று விலகும் என்பதால், கடைசி இரண்டு சுற்றுகளையாவது தோளில் வைத்தே சுட்டுப் பார்க்க வேண்டும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவருடைய நிலை என்னுடையதைப் போன்றது அன்று என்பதையும் சொன்னேன். என் நாண் ஒட்டிவிட்டது. அவருடைய மூட்டுறை இன்னும் இறுகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இருக்கிறது. கையை வெளிப்புறமாகத் திருப்பினால் முப்பது பாகைக்கு மேல் போகவில்லை என்கிறார். அந்தத் தோளில் அடிக்கட்டையைச் சரியான குழியில் வைக்கவே முடியாது. எந்தப் பேடும் அந்தக் குறையை ஈடு செய்யாது. இடது தோளுக்கு மாறலாமா என்று கேட்டார். குறிபார்ப்பதில் முந்தி நிற்கும் ஆதிக்கக் கண் அவருக்கு இடது கண்தான் என்று தொலைபேசியிலேயே சோதித்துப் பார்த்துக்கொண்டோம். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு இடையே சிறு துளை விட்டு, தூரத்துக் கதவின் கைப்பிடியைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். வலது கண்ணை மூடியபோது கைப்பிடி துளைக்குள்ளேயே நின்றது. இத்தனை ஆண்டுகளும் தவறான தோளில் வைத்தா சுட்டேன் என்று அவருக்குப் பெரும் வியப்பு. சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, ஏப்ரலில் என் இடத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இடக்கைக்காரர்களுக்கான .22 ரைஃபிள் ஒன்று இருக்கிறது. அவரிடம் கேட்டுவைத்திருக்கிறேன்.